லோடு இறங்கியும் டிரைவருக்கு வேலை முடியாதது ஏன்? லாரி பெல்ட்டை இறுக்கும் கம்பி, சுற்றும் கைப்பிடி.. முழு விளக்கம்

அமெரிக்க, கனடா நெடுஞ்சாலை வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். கூரையும் பக்கச்சுவரும் இல்லாத நீளமான டிரெய்லர். அதன் மேல் இரும்புக் குழாய்களோ மரப்பலகைகளோ அடுக்கியிருக்கும். குறுக்கே வரிசையாக அகலமான பெல்ட்டுகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் வந்து அரை மணி நேரத்தில் லோடை இறக்கிவிடும். ஆனால் டிரைவருக்கு அதோடு வேலை முடிவதில்லை. தரையில் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும் பத்துப் பதினைந்து பெல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தாக வேண்டும். மழையோ பனியோ வெயிலோ, அதை அவர்தான் செய்ய வேண்டும்.

'பெல்ட்டைச் சுற்றுவதெல்லாம் ஒரு பெரிய வேலையா?' என்று தோன்றலாம். ஆனால் இதற்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன. இறுக்குவதற்கு ஒன்று, சுற்றுவதற்கு இன்னொன்று. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் பல் உடையும், மணிக்கட்டு திரும்பும். சுற்றும்போது கண்ணை வேறெங்கோ வைத்திருந்தால் அடுத்த பயணத்தில் லோடே சரியலாம். அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

விஞ்ச் என்பது என்ன? அது எங்கே இருக்கிறது?

இந்த வகை டிரெய்லரை அங்கே 'ஃபிளாட்பெட்' என்கிறார்கள். நீளம் பெரும்பாலும் 48 அல்லது 53 அடி. அகலம் எட்டரை அடி. இதன் பக்கவாட்டு ஓரத்துக்குக் கீழே வரிசையாக இரும்புப் பெட்டி போன்ற சின்னச் சின்னச் சாதனங்கள் தொங்கும். அவைதான் விஞ்ச். சில டிரெய்லர்களில் வெல்டிங் செய்து நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார்கள். சிலவற்றில் தண்டவாளம் போன்ற ஒரு தடத்தில் முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம்.

விஞ்சின் உள்ளமைப்பு எளிமையானது. நடுவே ஒரு இரும்பு உருளை. அதில் நீளவாக்கில் ஒரு வெட்டு. பெல்ட்டின் நுனி அந்த வெட்டுக்குள் நுழையும். உருளையின் ஒரு முனையில் பல்சக்கரம். அந்தப் பற்களில் விழுந்து உட்காரும் ஒரு இரும்பு நாக்கு. உருளையை இறுக்கும் பக்கம் சுற்றினால் நாக்கு 'கட்.. கட்..' என்று ஒவ்வொரு பல்லாகத் தாண்டும். எதிர்ப்பக்கம் சுற்ற விடாது. உருளையின் வெளிமுனையில் துளைகள் கொண்ட ஒரு தலை இருக்கும். நம் கருவிகள் எல்லாம் போய் உட்காருவது அந்தத் துளைகளில்தான்.

பெல்ட்டின் மறுமுனையில் கொக்கி இருக்கும். விஞ்ச் இருக்கும் பக்கத்திலிருந்து பெல்ட்டை லோடு மேல் வீசி, எதிர்ப்பக்க ஓரச்சட்டத்தில் கொக்கியை மாட்டி, விஞ்சைச் சுற்றி இறுக்குவார்கள். அவ்வளவுதான்.

பெல்ட் எதில் செய்யப்படுகிறது? எவ்வளவு தாங்கும்?

பெரும்பாலும் பாலியஸ்டர். நைலானை விட இது குறைவாகவே நீளும், தண்ணீரையும் அவ்வளவாக உறிஞ்சாது. கட்டிய பிறகு தானாக நீண்டு தளர்ந்தால் ஆபத்து என்பதால் இந்தக் குணம் முக்கியம்.

ஃபிளாட்பெட்டில் வழக்கமாகப் பயன்படுவது 4 அங்குல அகலமும் 27 அல்லது 30 அடி நீளமும் கொண்ட பெல்ட். அதன் மீது தைத்திருக்கும் லேபிளில் பொதுவாக 5,400 பவுண்டு என்று இருக்கும். அதாவது சுமார் 2,450 கிலோ. பெல்ட் அறுந்துபோகும் எடை அல்ல இது. பாதுகாப்பாக வேலை வாங்கக்கூடிய அளவு. அறுந்துபோகும் அளவு இதைப்போல் மூன்று மடங்கு, 16,200 பவுண்டு.

பெல்ட் மட்டும் பலமாக இருந்தால் போதாது. விஞ்ச், கொக்கி, கொக்கி மாட்டிய சட்டம் எல்லாமே அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். இந்த வரிசையில் எது பலவீனமோ அதுதான் மொத்தக் கட்டின் பலம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் இந்த விதிகளை வகுப்பது ஃபெடரல் மோட்டார் கேரியர் சேஃப்டி அட்மினிஸ்ட்ரேஷன் என்ற மத்திய அமைப்பு. சரக்கைக் கட்டுவதற்கான இப்போதைய விதிகள் 2002 செப்டம்பரில் வெளியாகி, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமாகின. கனடாவில் தேசியப் பாதுகாப்பு விதித்தொகுப்பின் 10ஆவது தரநிலை இதே வேலையைச் செய்கிறது.

விதிகளின் சாரம் இதுதான்:

- கட்டுகள் எல்லாவற்றின் பாதுகாப்பு அளவையும் கூட்டினால், அது சரக்கின் எடையில் குறைந்தது பாதி இருக்க வேண்டும்.

- முன்பக்கம் தடுப்புச் சுவர் எதுவும் இல்லையென்றால், நீளமான சரக்கின் முதல் 10 அடிக்கு 2 கட்டு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 அடிக்கும், அதில் மிச்சம் இருக்கும் துண்டுக்கும் ஒன்று கூடுதல்.

- கட்டுகளில் முடிச்சு இருக்கக் கூடாது.

- கூர்மையான விளிம்பில் உரசும் இடத்தில் காப்புத் துண்டு வைக்க வேண்டும்.

- புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் டிரைவர் நிறுத்திக் கட்டுகளைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு 3 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது 150 மைலுக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். டிரைவரின் பணிநிலை மாறும்போதும் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 அடி நீளமும் 45,000 பவுண்டு எடையும் கொண்ட லோடு என்று வைத்துக்கொள்வோம். நீளக் கணக்குப்படி 2 + 3 = 5 கட்டு. எடைக் கணக்குப்படி பாதி என்பது 22,500 பவுண்டு. 5,400 பவுண்டு பெல்ட் ஐந்து போட்டால் 27,000 வருகிறது. போதும். இந்த ஐந்து என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

இறுக்கும் கம்பி எப்படி வேலை செய்கிறது?

இதற்குப் பெயர் விஞ்ச் பார். நம்மூர்க் கடப்பாரையின் தம்பி என்று சொல்லலாம். சுமார் 3 அடி நீளமுள்ள இரும்புக் கம்பி. ஒரு முனை வளைந்து, கூம்பி, விஞ்ச் தலையின் துளைக்குள் நுழையும். மறுமுனை கைப்பிடி. கை வழுக்காமல் இருக்க அதில் சொரசொரப்பாக வரி போட்டிருப்பார்கள். சில கம்பிகளின் நுனி காளான் போலச் சற்று விரிந்திருக்கும். துளையிலிருந்து எளிதில் நழுவி வெளியே வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இதில் நடப்பது நெம்புகோல் தத்துவம். கம்பியின் நீளம் 90 செ.மீ. உருளையின் ஆரம் இரண்டரை செ.மீ. என்று வைப்போம். அதன் மேல் இரண்டு சுற்றுப் பெல்ட் இருந்தால் ஆரம் 3 செ.மீ. ஆகும். 90-ஐ 3-ஆல் வகுத்தால் 30. அதாவது நீங்கள் 30 கிலோ பலத்தில் அழுத்தினால், உராய்வு இழப்பைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், பெல்ட்டில் 900 கிலோ இழுப்பு உண்டாகிறது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. உருளையில் ஏற்கெனவே 12 அடி பெல்ட் சுற்றிக் கிடந்தால், ஆரம் சுமார் 6 செ.மீ. ஆகிவிடும். அப்போது 30 மடங்கு என்பது 15 மடங்காகக் குறைந்துவிடும். அதே ஆள், அதே கம்பி, அதே உழைப்பு. இழுப்பு மட்டும் பாதி. குட்டையான லோடுக்கு நீளமான பெல்ட் போட்டால் 'எவ்வளவு அழுத்தினாலும் இறுக மாட்டேங்குதே' என்று டிரைவர்கள் புலம்புவதற்கு இதுதான் காரணம். அதற்காக உருளையில் சுற்றே இல்லாமலும் விடக் கூடாது. குறைந்தது இரண்டு முழுச் சுற்றாவது இருந்தால்தான் பெல்ட் நுனி வழுக்காமல் பிடித்து நிற்கும்.

கம்பி ஏன் முகத்தில் அடிக்கிறது?

இந்தக் கருவியின் பெரிய ஆபத்து இதுதான். இறுக்கிய பெல்ட்டுக்குள் நாம் போட்ட உழைப்பு முழுவதும் விசையாகச் சேர்ந்து நிற்கிறது. அந்த விசை வெளியே வர ஒரு வழி கிடைத்தால் போதும், கம்பி எதிர்த்திசையில் எகிறும். தாடை, பல், முன்கை, விலா என்று எது வழியில் இருக்கிறதோ அதில் அடிக்கும்.

பழைய லாரிகளையும் வேன்களையும் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 'ஹேண்டில் திருப்பி அடிச்சிடும், பார்த்துப் பிடி' என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். விஞ்ச் கம்பியும் அதே ரகம்தான்.

எப்போதெல்லாம் எகிறும்?

- கம்பியின் நுனி துளைக்குள் முழுவதும் போகாமல் பாதியில் நிற்கும்போது.

- நுனி தேய்ந்து மழுங்கியிருக்கும்போது.

- கையில் கிரீஸ், எண்ணெய், பனி ஈரம் இருக்கும்போது.

- பல்சக்கரத்தில் நாக்கு சரியாக உட்காராத நிலையில் கம்பியை விடும்போது.

- எல்லாவற்றையும் விட முக்கியமாக, இறுக்கத்தைத் தளர்த்தும்போது.

தளர்த்துவது எப்படி என்றால், முதலில் கம்பியை முழுவதும் செருகி, இறுக்கும் பக்கமாகவே சற்று அழுத்த வேண்டும். அப்போதுதான் நாக்கின் மேல் இருக்கும் பளு குறையும். பிறகு நாக்கை விலக்க வேண்டும். அந்த நொடியில் பெல்ட்டின் மொத்த இழுப்பும் டிரைவரின் கைக்கு வந்துவிடுகிறது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி மெதுவாகத் திரும்ப விட வேண்டும். தலையும் முகமும் கம்பி சுழலும் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். இதற்கு முன்பாகவே லோடை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதும் அவசியம். வழியில் சரக்கு நகர்ந்து பெல்ட்டின் மேல் சாய்ந்திருந்தால், தளர்த்தியதும் அது தலையில் விழும்.

'இன்னும் கொஞ்சம் இறுக்கணும்' என்று கம்பியின் முனையில் ஒரு குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டுவது சிலரின் பழக்கம். நீளம் இரட்டிப்பானால் இழுப்பும் இரட்டிப்பாகும். விஞ்சும் பெல்ட்டும் கம்பியும் அந்த அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. அதோடு, நீளமான கம்பி எகிறினால் அடியும் பலமாகவே விழும்.

சுற்றுவதற்கு ஏன் தனிக் கருவி?

இறுக்குவதற்குத் தேவை பலம். சுற்றுவதற்குத் தேவை வேகம். இரண்டும் வேறு வேறு வேலை.

30 அடி பெல்ட்டை முழுவதும் உருளையில் சுற்ற எத்தனை சுற்று வேண்டும்? பெல்ட்டின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர், உருளையின் ஆரம் இரண்டரை செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 25 சுற்று வருகிறது. இறுக்கும் கம்பியை வைத்தே இதைச் செய்யலாம். ஆனால் ஒரு முறை செருகினால் கால் சுற்றுதான் திருப்ப முடியும் என்றால், ஒரு பெல்ட்டுக்கு 100 முறை கம்பியைச் செருகி உருவ வேண்டும். பத்து பெல்ட்டுக்கு ஆயிரம் முறை. தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்?

வெறும் கையால் உருளையைத் திருகிச் சுற்றுபவர்களும் உண்டு. குனிந்த நிலையில், டிரெய்லரின் ஓரத்துக்குக் கீழே கையை விட்டு, சொரசொரப்பான இரும்பை விரல்களால் பிடித்துத் திருக வேண்டும். ஈரமான பெல்ட் குளிரில் உறைந்து பலகை போல விறைத்திருக்கும் நாட்களில் இது இன்னும் சிரமம்.

இந்த இடத்தில்தான் சுற்றும் கைப்பிடி வருகிறது. அங்கே இதை 'ஸ்ட்ராப் வைண்டர்' என்கிறார்கள். மேலே சொன்ன பழைய லாரி ஹேண்டிலின் சிறிய வடிவம் என்று சொன்னால் சட்டென்று புரியும். இரண்டு முறை மடங்கிய கம்பி. ஒரு முனை விஞ்ச் தலையில் உட்காரும். மறுமுனையில் தானாகச் சுழலும் பிடி. கையை எடுக்காமல், நிமிர்ந்து நின்றபடி, கைத் தையல் மெஷினைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே போகலாம். 25 சுற்று என்பது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் வேலை.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

1. விஞ்சிலேயே செருகும் கைப்பிடி. மேலே சொன்ன வகை. பெல்ட்டை விஞ்சிலேயே நிரந்தரமாக வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. டிரெய்லரின் ஓரச்சட்டத்தில் கை இடிக்காமல் இருக்க, கழுத்து நீளமாக உள்ள கைப்பிடிகளும் கிடைக்கின்றன.

2. தனியாகச் சுருட்டும் கருவி. சிலர் பெல்ட்டை விஞ்சிலிருந்து கழற்றி, சுருளாக்கி, பெட்டியில் வைப்பார்கள். அவர்களுக்கானது இது. டிரெய்லர் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு சட்டம், அதில் கவட்டை போல இரண்டு குச்சிகள். குச்சிகளுக்கு நடுவே பெல்ட் நுனியைச் செருகிச் சுற்றினால், உருட்டிய பாய் மாதிரி அழகாகச் சுருண்டுவிடும். குச்சியிலிருந்து உருவி எடுத்துவிடலாம்.

3. டிரில் மெஷினில் பொருத்தும் முனை. பேட்டரி டிரில்லில் மாட்டினால் மெஷினே சுற்றிவிடும். வேகம் அதிகம். கைக்கு உழைப்பு குறைவு. ஆனால் கையுறையோ சட்டையின் தொங்கும் பகுதியோ சிக்கினால் நிறுத்துவதற்குள் இழுத்துவிடும்.

சுற்றும் கைப்பிடியால் இறுக்கலாமா?

கூடாது. இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 'கையிலேயே இருக்கு, அப்படியே ரெண்டு இழுப்பு இழுத்துடலாம்' என்று நினைக்கத் தோன்றும்.

சுற்றும் கைப்பிடியின் கம்பி மெல்லியது. அதன் கையும் குட்டையானது. தொய்வை எடுப்பதற்கு மட்டும் செய்யப்பட்டது. பளு ஏறினால் வளையும், அல்லது விஞ்ச் தலையிலிருந்து நழுவும். பளு ஏறிய நிலையில் நாக்கு தவறினால் கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டையும் விரல் மூட்டுகளையும் பதம் பார்த்துவிடும்.

இரண்டுக்குமான எல்லைக்கோடு எளிது. பெல்ட் தொய்வாக இருக்கும்வரை கைப்பிடி. பெல்ட் விறைத்த அந்த நொடியில் கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கம்பி. தளர்த்தும்போது இதற்கு நேர் எதிர்: இறுக்கம் முழுவதும் போகும்வரை கம்பி. தொங்க ஆரம்பித்த பிறகு கைப்பிடி.

இன்னொன்று. வேலை முடிந்ததும் எதையும் விஞ்சிலேயே செருகி விட்டுவிட்டுப் புறப்படக் கூடாது. ஓடும் வண்டியிலிருந்து கழன்று விழும் 3 அடி இரும்புக் கம்பி, பின்னால் வரும் காரின் கண்ணாடிக்கு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

சுற்றாமல் விட்டால் என்ன?

கட்டியது போக மிச்சமிருக்கும் பெல்ட்டின் வால் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தால், ஓரங்கள் சில மணி நேரத்திலேயே பிய்ய ஆரம்பிக்கும். அது கீழே தொங்கினால் டயருக்கு அடியில் போகும், அச்சில் சுற்றிக்கொள்ளும். காலியாகத் திரும்பும்போதும் இதே கதைதான்.

கோணலாகச் சுற்றினாலும் சிக்கல். பெல்ட் ஒரு பக்கமாக ஏறிப்போய் விஞ்சின் இரும்புச் சுவரில் உரசும். ஓரத்து நூல்கள் ஒவ்வொன்றாக அறும். மண்ணும் சின்னக் கல்லும் சுருளுக்குள் மாட்டினால், உள்ளேயிருந்தே அரத்தைப் போலத் தேய்க்கும். வெயிலில் நாள் கணக்கில் விரித்துப் போட்டால் சூரிய ஒளியே பாலியஸ்டரின் பலத்தைக் குறைத்துவிடும். எனவே மண்ணை உதறி, நேராக, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்ற வேண்டும். கொக்கி தொங்காமல் இறுதியில் மடக்கி வைக்க வேண்டும்.

கைப்பிடியின் உண்மையான பயன் என்ன?

இதுவரை சொன்னதெல்லாம் நேரம், உழைப்பு, காயம் பற்றியது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பெல்ட் லோடு மேல் கட்டியிருக்கும்போது அதன் பெரும்பகுதி டிரைவரின் கண்ணுக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில், சரக்கின் தலைக்கு மேல் கிடக்கும். கூர்மையான விளிம்பில் அது உரசுவதும் அங்கேதான். விஞ்சுக்குள் சுருண்டிருக்கும்போதும் உள்சுற்றுகள் தெரியாது. 30 அடியும் ஒவ்வொரு அங்குலமாக ஒருவரின் கண் முன்னால் கடந்து போவது ஒரே ஒரு நேரத்தில்தான். அது சுற்றும் நேரம்.

அதாவது, சுற்றுவது என்பது வேலை முடிந்த பிறகு செய்யும் ஒழுங்குபடுத்தல் மட்டும் அல்ல. அடுத்த லோடுக்கான பரிசோதனையும் அதுவே. ஒரு கை கைப்பிடியைச் சுற்ற, இன்னொரு கை பெல்ட்டை நேராகப் பிடித்து வழிநடத்தும்போது, வெட்டு, கிழிசல், உருகிய இடம், தையல் பிரிந்த இடம் எல்லாம் கண்ணிலும் விரலிலும் படும். கையால் சுற்றும் வேகம் அதற்குத் தோதானது. டிரில்லை வைத்து வேகமாகச் சுற்றினால், காயம்பட்ட இடம் ஒரு நொடியில் சுருளுக்குள் போய் மறைந்துவிடும்.

சாலையில் சோதனையிடும் அதிகாரிகள் பின்பற்றும் அளவுகோலின்படி, 4 அங்குல பெல்ட்டில் வெட்டு முக்கால் அங்குலத்தைத் தாண்டினால் அந்தப் பெல்ட் கணக்கில் சேராது. 2 அங்குல பெல்ட்டுக்கு இந்த வரம்பு எட்டில் மூன்று பங்கு அங்குலம்தான். சுண்டுவிரல் நகத்தின் அகலம் கூட இல்லை.

லேபிள் கிழிந்தால் என்ன நடக்கும்?

இப்போது அந்த ஐந்து பெல்ட் கணக்குக்குத் திரும்புவோம்.

பெல்ட்டின் பலத்தைச் சொல்வது அதில் தைத்திருக்கும் லேபிள். அது கிழிந்தோ அழிந்தோ போய்விட்டால், பெல்ட் புதிதாகவே இருந்தாலும் அமெரிக்க விதி அதை 5,400 பவுண்டு என்று ஏற்காது. குறியீடு இல்லாத 4 அங்குல பெல்ட்டுக்கு விதியில் கொடுத்திருக்கும் அளவு 4,000 பவுண்டு.

ஐந்து பெல்ட்டிலும் லேபிள் இல்லையென்றால் 5 x 4,000 = 20,000. நம் லோடுக்குத் தேவை 22,500. அதே பெல்ட், அதே லோடு, அதே கட்டு. ஆனால் சட்டப்படி பற்றாது. ஒன்றில் பெரிய வெட்டும் இருந்தால் நான்கு பெல்ட்தான் மிஞ்சும். வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சாலையோரத்தில், இருட்டில், இன்னொரு பெல்ட் தேடிக் கட்டிய பிறகுதான் நகர முடியும்.

இது அபராதம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. வண்டி சட்டென்று பிரேக் போடும்போது சரக்கின் எடையில் 80 சதவீதத்துக்குச் சமமான விசை முன்னோக்கித் தள்ளும் என்ற கணக்கில்தான் அந்த விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. 45,000 பவுண்டு இரும்பு முன்னால் நகர்ந்தால், முதலில் இருப்பது டிரைவரின் கேபின்.

நம்மூர் லாரிகளில் இது உண்டா?

தமிழ்நாட்டில் பெரும்பாலான லாரிகளுக்குப் பக்கச்சுவர் உண்டு. கயிறும் தார்ப்பாயும்தான் வழக்கம். ஓரத்தில் வரிசையாக விஞ்ச் பொருத்திய டிரெய்லர்கள் இங்கே பரவலாக இல்லை. ஆனால் இயந்திரங்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்பவர்கள் 'லாஷிங் பெல்ட்' பயன்படுத்துகிறார்கள். அதில் இறுக்கும் நெம்புகோல் பெல்ட்டோடு சேர்ந்தே வரும். தனிக் கம்பி தேவையில்லை.

கருவி மாறினாலும் பாடம் மாறவில்லை. அந்த நெம்புகோலிலும் குழாயைச் செருகி நீட்டக் கூடாது. பெல்ட்டில் முடிச்சு போட்டால் அந்த இடத்தில் அதன் பலம் வெகுவாகக் குறையும். இரும்பின் விளிம்பில் சாக்கோ ரப்பரோ வைக்காமல் கட்டினால் அறுபடும். அவிழ்த்த பிறகு சீட்டுக்குப் பின்னால் கசக்கி எறியாமல், ஒரு முறை கையால் நீவிப் பார்த்துச் சுருட்டினால் கிழிசல் தெரிந்துவிடும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

- இறுக்கும் கம்பியின் நுனி, உங்கள் விஞ்சின் துளைக்குள் ஆட்டம் இல்லாமல் முழுவதும் போகிறதா?

- கைப்பிடியில் வழுக்காத வரி இருக்கிறதா? வண்ணப்பூச்சு மட்டும் போட்ட வழவழப்பான பிடி மழையில் கையை விட்டுப் போகும்.

- சுற்றும் கைப்பிடியின் பிடி தாராளமாகச் சுழல்கிறதா? சுழலாவிட்டால் உள்ளங்கை கொப்பளிக்கும்.

- சுற்றும்போது விரல் டிரெய்லர் ஓரத்தில் இடிக்காத அளவுக்குக் கழுத்து நீளம் இருக்கிறதா?

- நுனி வளைந்த, விரிசல் விட்ட கம்பியை நிமிர்த்தியோ வெல்டு வைத்தோ மறுபடி பயன்படுத்த வேண்டாம். அடுத்த முறை எங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாது.

மொத்தத்தில், சுற்றும் கைப்பிடி சாதாரணமான ஒரு பொருள். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. ஆனால் ஒரு நாள் ஓட்டத்தின் கடைசி வேலையைக் கொஞ்சம் சுலபமாக்குகிறது. களைத்துப்போன டிரைவர் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பெல்ட்டை அப்படியே அள்ளிப் போட்டுவிட்டுப் போகாமல், நின்று சுற்ற வைக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் கண்ணில் படும் ஒரு சின்னக் கிழிசல், மறுநாள் அந்தப் பெல்ட்டை ஓரமாக எடுத்து வைக்கப் போதுமானது.